குத்தூசி

மூட்டையின் விலாவில் குத்தூசியைச் செருகி
ஒரு பிடி கேழ்வரகை வெளியே இழுப்பது
பீன்யா கிடங்கில் என் வேலை.
ஈரம் பன்னிரண்டுக்குள் இருக்கவேண்டும்.
கல், உமி, வண்டு எல்லாம் சேர்த்து
நூற்றுக்கு ஒன்று வரை மன்னிப்பு.
மீறினால் சிவப்புச் சாக்பீஸ்.
யமனூரப்பா அதைத் தோளில் ஏற்றி
வந்த லாரிக்கே கொண்டுபோவார்,
போகிற வழியெல்லாம் கன்னடத்தில் என்னைத் திட்டியபடி,
எனக்குப் புரியும் என்று தெரிந்தே.

இந்த வருடம் படிவத்தில் ஒரு கட்டம் கூடியது:
நிலைத்த கொள்முதல் – ஆம் / இல்லை.
தில்லியிலிருந்து வந்த தணிக்கையாளர்
சர்க்கரை மூட்டைமேல் மடிக்கணினியை வைத்து விளக்கினார்.
முன்பு மஞ்சள் பட்டாணி கப்பலில் வந்தது,
பாமாயில் ஏதோ ஒரு காட்டை எரித்துவிட்டு வந்தது.
இப்போது எல்லாம் இருநூறு கிலோமீட்டருக்குள்.
மானாவாரித் தானியம். கடலை எண்ணெய்.
சின்னச் சின்ன பிளாஸ்டிக் பை வேண்டாம்,
ஐந்து வீட்டுக்கு ஒரு சணல் மூட்டை,
அவர்களே பங்கிட்டுக்கொள்ளட்டும்.
அவர் சொன்னதில் பொய் இல்லை.
துமகூரு சாலை மேம்பாலத்தில் மெட்ரோ கடந்தபோது
அவர் குரல் கொஞ்சம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.
நான் 'ஆம்' மீது டிக் அடித்தேன்.

ஆவணியிலும் பாவகடா பக்கம் வானம் இறங்கவில்லை.
இருநூற்று எண்பது மூட்டை.
எண்ணிக்கை பார்க்க லாரியோடு நானும் போனேன்.
பள்ளிக்கூட வாசலில் வரிசை.
தன் ஐந்து வீட்டுக்கான மூட்டையைத் திப்பக்கா தூக்கவில்லை.
புரட்டினாள்.
தைத்த வாயில் விரலை ஓட்டினாள்.
நீல நூல். சேலைக் கரையிலிருந்து உருவியது.
மூன்று தையலுக்கு ஒரு முடிச்சு.
"இது என் கை" என்றாள்.

யாரோ சிரித்தார்கள்.
அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.
மாசியில் இதைக் கிலோ இருபத்தேழுக்குப் போட்டாளாம்.
நீங்கள் என்ன விலைக்கு எடுத்தீர்கள் என்று கேட்டாள்.
பொய் சொல்லியிருக்கலாம்.
"நாற்பத்தொன்று" என்றேன்.
பதினான்கு. ஒரு மூட்டைக்கு எழுநூறு.
பதினொரு மூட்டைக்கு
ஏழாயிரத்து எழுநூறு என்று
என் கால்குலேட்டருக்கு முன்னால் சொல்லி முடித்தாள்.
"அது கையில் இருந்தால் இந்த வரிசையில்
நிற்கமாட்டேன் என்று சொல்லவில்லை.
நின்றிருப்பேன்.
ஆனால் மாட்டை விற்றிருக்கமாட்டேன்."

போட்டோ எடுக்க வந்த பையன்
மூட்டையோடு நிற்கச் சொன்னான்.
நின்றாள்.
எங்கள் சின்னம் அச்சிட்ட பக்கத்தை உள்ளே திருப்பி
தையல் பக்கத்தைக் காமிராவுக்குக் காட்டினாள்.

திரும்பி வந்து மேலாளரிடம் பேசினேன்.
மூன்று கொட்டேஷன் வேண்டும்,
ஜிஎஸ்டி எண் வேண்டும்,
யஷ்வந்தபுரம் யார்டில் பதிவான வியாபாரி வேண்டும்,
திப்பக்காவிடம் இதில் எது இருக்கிறது என்றார்.
நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்தார்.
கூட்டத்தில் வைப்போம் என்றும் சொன்னார்.

அன்றிரவு அந்தக் கட்டத்தை மறுபடி திறந்தேன்.
'ஆம்' பக்கத்தில் 'யாரிடமிருந்து' என்று எழுதப் பார்த்தேன்.
எழுத்து ஏறவில்லை.
அது டிக் மட்டும் வாங்கும் கட்டம்.

குத்தூசிக்கு ஈரம் தெரியும், கல் தெரியும்.
அது போட்ட ஓட்டையைக்
கட்டைவிரலால் இரண்டு தேய் தேய்த்தால்
சணல் மூடிக்கொள்ளும்,
யாரும் உள்ளே பார்த்த சுவடு இருக்காது.

இன்று காலை புது லாரி.
குத்தூசி மேசைமேல் கிடக்க
மூட்டைகளின் வாயையே பார்த்து நடந்தேன்.
மஞ்சள் நூல். வெள்ளை நூல். உரச்சாக்கு நூல்.
யமனூரப்பா சுமையோடு நின்றுவிட்டார்:
"என்ன மேடம் தேடுறீங்க?"
"முடிச்சு."
ஒன்றும் கேட்கவில்லை.
அடுத்த மூட்டையை இறக்கும்போது
தையல் என் பக்கம் இருக்கும்படி வைத்தார்.
அதற்கடுத்ததையும்.